சந்தனம் வைத்த சால்டரிங் அயன்

எங்கள் வீட்டில் எந்த நேரமும் ஓர் ஆண் தூங்கிக்கொண்டிருப்பார். மாமனாருக்கும் அவர் மகனுக்கும் ஒரே சிமெண்ட் ஆலையில் வேலை, ஷிப்ட் மட்டும் வேறு. ஒருவர் எழுந்து பல் துலக்கும்போது இன்னொருவர் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். கல்யாணமாகி அரியலூருக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் வித்தை, சத்தம் வராமல் பாத்திரம் கழுவுவது. தொண்ணூறுகளின் கடைசி அது. அரியலூரும் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

இப்படி ஓசை அடங்கிய வீடாக இருந்ததால்தான், டேப் ரிக்கார்டர் ஊமையாகிப் போன விஷயம் ஆண்கள் இருவருக்கும் தெரியவே இல்லை. தெரிந்தவர்கள் நானும் என் மாமியாரும் மட்டும்.

அது என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே தூக்கிப் போக ஒரு கைப்பிடி. அப்பாவுக்குப் பெரம்பலூர் பக்கம் கொஞ்சம் நிலம், சின்ன வெங்காயமும் பருத்தியும். அவரே திருச்சிக்குப் போய், கடைக்காரரை ஒவ்வொரு செட்டாகப் பாட வைத்துக் கேட்டு வாங்கி வந்தார். கல்யாண மண்டபத்தில் சீர் பரப்பியிருந்த இடத்தில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் யாரும் காவல் இல்லை. அந்த செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் அப்பா நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் குமிழைத் திருகிக் காட்டினார். பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தண்ணீர் வாங்கிக் குடிப்பதற்கு முன்பே, "செட்டு பாடுதா பாப்பா?" என்பார். போட்டுக் காட்டினால்தான் செருப்பைக் கழற்றுவார்.

பாட்டுப் பைத்தியம் அவர். பிறந்த வீட்டில் எங்களுக்கு ஒரு பழைய ரேடியோ உண்டு. காலையில் அது பேச ஆரம்பித்த பிறகுதான் அம்மா அடுப்பு மூட்டுவார். ஆடிக்கு என்னை அழைத்துப் போயிருந்தபோது அந்த ரேடியோவைக் காணோம். கேட்டதற்கு, "பக்கத்து வூட்டுல கேட்டாங்க பாப்பா, குடுத்துருக்கேன்" என்றார். யார் எதைக் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுகிற ஆள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சரி, எங்கள் செட்டுக்கு வருவோம். சரஸ்வதி பூஜைக்கு ஒட்டடை அடிப்பதாகச் சொல்லி மாமியார் நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஒட்டடை வந்ததோ இல்லையோ, துடைப்பத்தில் செட்டின் ஒயர் மாட்டிக்கொண்டு, அது அலமாரியிலிருந்து மடாரென்று கீழே வந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். ஓரத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். ப்ளக்கில் சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, கேசட் சுற்றுகிறது, சத்தம் மட்டும் இல்லை.

மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அப்பாரு வந்தா நான் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றார். "சம்பந்தி குடுத்த சீர ஒரு வருசங்கூட காப்பாத்தத் தெரியலன்னு பேசுவாங்கல்ல?"

அப்பா அப்படிப் பேசுகிறவர் இல்லை. என் பயமே வேறு. அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். குடித்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்குப் போவார், புது செட்டோடு வந்து நிற்பார். பெண்ணுக்குக் கொடுத்தது பழுதாகிவிட்டது என்றால் அவருக்குத் தூக்கம் வராது. அந்த வருஷமோ மழையில் வெங்காயம் வயலிலேயே அழுகிப் போயிருந்தது. வீட்டில் விற்பதற்கு மிச்சம் இருந்தது ஒரு கறவை மாடு. அதைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடந்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தலை தீபாவளிக்கு எங்களை முறையாக அழைக்க, விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக எதிர்வீட்டு போனில் ஏற்கனவே சொல்லிவிட்டார். அதற்குள் செட்டு வாயைத் திறக்க வேண்டும்.

ரிப்பேர் கடைக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கடைத்தெருவில் ஒரு கடை இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடைக்குப் போன ரேடியோ கட்டிக்கொடுத்த பெண் மாதிரி. பிறந்த வீட்டுக்கு எப்போதாவது விருந்துக்கு வரும், வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடும். அது போதாதென்று, அந்தக் கடை வாசல் ஊர்வம்பு பேசும் இடம். காலையில் செட்டைக் கொடுத்தால் மத்தியானம் பெரம்பலூருக்குச் செய்தி போய்விடும்.

"நீதான் டி.வி. படிப்பு படிச்சிருக்கியே" என்றார் மாமியார்.

இதைச் சொல்லித்தான் அவர் தெரு முழுக்கப் பெருமை அடித்து வைத்திருந்தார். நான் படித்தது பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. 'பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்பு' என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்க, அப்பா ஒருவர்தான் படிக்கட்டும் என்றார். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயனின் படத்தை நான் அழகாக வரைவேன். பாகங்களைக் குறிப்பேன். வாத்தியார் 'குட்' என்று எழுதியிருக்கிறார். ஆனால் பட்டறையில் ஒரு மேசைக்கு ஓர் அயன், அதைச் சுற்றிப் பையன்கள் கும்பலாக நிற்பார்கள், பின்னால் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு நாங்கள். பரீட்சை அன்றைக்குத் தவிர அதைக் கையில் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்தும், மாமியார் முகத்தைப் பார்த்து, "பாத்துரலாம் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.

முதலில் செட்டின் முதுகைத் திருப்புளியால் திறந்தேன். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர்களுக்குப் போகிற ஒயர்கள் ஒரே இடத்தில் பலகையோடு ஒட்டியிருந்தன. விழுந்த வேகத்தில் ஒட்டு விட்டுப்போய், அவை மீசை முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. சும்மா விரலால் அழுத்திப் பிடித்ததும் செட்டு ஒரு கணம் கத்திவிட்டு நின்றது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஈயத்தை உருக்கி ஒட்டினால் போதும். ஒட்ட வேண்டிய அயன்தான் இல்லை.

மறுநாள் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடையில் போய்க் கேட்டோம். கடைக்காரர் உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்தார், தூக்கி வந்தார் என்பது சரியான சொல். கரியடுப்பில் சுட்டு, ஓட்டை அண்டாவுக்கு ஈயப் பற்று வைக்கிற கட்டை அது. அதை வைத்தால் என் செட்டில் ஒயரோடு பலகையும் உருகி ஓடிவிடும். கரண்டில் ஓடுவது வேண்டும் என்றேன். கொண்டு வந்தார். அதுவும் பெரிசு, அறுபத்தைந்து வாட். மாமியாருக்கு அது பிடித்துப் போயிற்று.

"நல்லா கனமா இருக்கு. தோசக்கல்லும் கனமா இருந்தாத்தான் தோச ஒட்டாது" என்றார்.

"நமக்கு ஒட்டணும் அத்தை" என்றேன்.

ரேடியோ வேலைக்கு இருபத்தைந்து வாட் போதும். அதற்கு மேல் போனால் பலகையில் ஒட்டியிருக்கும் செப்புக் கோடுகள் உரிந்து வந்துவிடும். படித்த படிப்பில் இது ஒன்று எனக்கு உருப்படியாக நினைவிருந்தது. அந்தச் சின்ன அயன் அரியலூரில் அன்றைக்குக் கிடைக்கவில்லை. "எல்லாத்துக்கும் பெரம்பலூருதான் போயாகணும்" என்று மாவட்டத் தலைநகரை ஒரு மூச்சு திட்டினார் மாமியார். திட்டி முடித்ததும் அவருக்கே ஒரு யோசனை வந்தது. சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு அவருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி. கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் ஆண்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள், வழியில் பெரம்பலூர்.

பொய் சொல்லவில்லை, கோயிலுக்கும் போனோம். அம்மன் முன்னால் மாமியார் நெடுநேரம் முணுமுணுத்தார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்றதற்கு, "நல்ல கம்பியா கெடைக்கணும்னுதான்" என்றார். சால்டரிங் அயனுக்கு அவர் வைத்த பெயர் கம்பி.

பெரம்பலூரில் இறங்கினோம். என் ஊர், எதிரே வருகிற நாலு பேரில் ஒருவர் எனக்கு மாமாவோ சித்தப்பாவோ. அப்பாவே எதிரில் வந்துவிட்டால்? மாமியாரின் குடையை வாங்கி முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடையைப் பார்த்தே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டி.வி., ரேடியோ உதிரி பாகங்கள் விற்கும் கடை. கடைக்காரர் மூன்று அயன்களை எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று பென்சில் கனம், பார்த்தாலே நோஞ்சான். அடுத்தது இருபத்தைந்து வாட், பழுப்புக் கைப்பிடி, செம்புக் கம்பியைச் சீவி வைத்தது போன்ற முனை. மூன்றாவதும் இருபத்தைந்து வாட்தான், ஆனால் அதன் அழகே அழகு. நீல நிறக் கைப்பிடி, பளபளவென்று பூச்சுப் பூசிய கூர் முனை, சாய்த்து வைக்க ஒரு சுருள் ஸ்டாண்ட். பாலிடெக்னிக் மேசையில் பையன்கள் விடாமல் பிடித்திருந்தது இதே மாதிரிதான். எனக்கு அதுதான் வேண்டும் என்று இருந்தது.

மாமியார் மூன்றையும் கத்திரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைப்புடி சுடுமா?"

"சுடாதுங்கம்மா."

"ஷாக் அடிக்குமா?"

"மூணு பின் ப்ளக்குங்க. எர்த் இருக்குற பாயிண்டுல போட்டா ஒண்ணும் பண்ணாது."

"எங்க, போட்டுக் காட்டுங்க பாப்போம்."

கடைக்காரர் செம்பு முனை அயனைச் சொருகினார். சூடேறியதும், டப்பாவில் இருந்த, ஈயம் பிடிக்க உதவும் பேஸ்ட்டில் முனையைத் தொட்டு, லெட் என்று அவர்கள் சொல்கிற ஈயக் கம்பியை அதன்மேல் வைத்தார். முனை வெள்ளியாக மின்னியது, ஒரு கோடு புகை எழுந்தது. மாமியார் மூக்கை நீட்டி அந்தப் புகையை இழுத்தார். அந்தக் கம்பிக்குள் இருப்பது பிசின், அதனால் ஒரு வாசம் வரும்.

"ஏம்மா, சாம்பிராணி வாசம் அடிக்குது!" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் அதைக் கடைச் சாமானாக நினைக்கவே இல்லை. வரப்போகிற வம்புக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

நீலக் கைப்பிடியைக் காட்டி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"அது கோட்டிங் முனைங்க. தேயாது, ஆனா அரம் படக்கூடாது. ஈரத் துணில தொடச்சாப் போதும். இந்தச் செம்பு முனை தேயும், கருக்கும். அப்பப்ப அரத்தால தீட்டி ஈயம் ஏத்திக்கணும், அவ்ளோதான்" என்றார்.

தீட்டுவதாவது! அரிவாளா வாங்க வந்திருக்கிறோம்? ஆனால் நீலக் கைப்பிடியின் விலையைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். கையில் இருந்தது பழுப்புக்குத்தான் சரியாக இருந்தது. லெட்டும் பேஸ்ட்டும் வேறு வாங்க வேண்டும். ஸ்டாண்டுக்குக் கேட்டால், "ஒரு தேங்காச் செரட்டைல சாச்சு வைய்யேன்" என்றார் மாமியார். சூடு பட்டால் சிரட்டை எரியும் என்று கடைக்காரருக்கு முன்னால் விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. பழுப்பையே வாங்கிக்கொண்டோம். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பெண் பார்க்கப் போய் அக்காவைப் பிடித்துப்போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

வந்த உடனே வேலையை ஆரம்பித்திருக்கலாம். மாமியார் விடவில்லை. ஆயுத பூஜை வருகிறது, புது ஆயுதத்தைப் பூஜையில் வைக்காமல் தொடக்கூடாது என்றார். விஜயதசமி அன்று தொட்டது துலங்கும் என்பது அவர் கட்சி. ஞாயிறுக்குள் நேரம் இருந்தது, நானும் சரி என்றேன்.

பூஜை அன்று அரிவாள்மணை, கத்தி, மாமனாரின் ஸ்பேனர்கள், அரம், சுத்தியல், என் வீட்டுக்காரருடைய சைக்கிள், எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார் மாமியார். நடுவில் ஒரு பித்தளைத் தட்டில் கம்பி. ஆண்கள் இருவரும், அபூர்வமாக, ஒரே நேரத்தில் விழித்திருந்தார்கள். இது என்ன என்று மாமனார் கேட்டார். "மருமவ படிப்புக்கு ஆயுதம்" என்றார் மாமியார், அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். நான் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததால், மாமியார் சந்தனத்தை எங்கே வைக்கிறார் என்று கவனிக்கவில்லை. மனிதருக்கு நெற்றியில் வைப்பதுபோல அயனுக்கு நுனியில் வைத்திருந்தார். அதுவும் புது ஆயுதம் என்று பிரியமாக, கெட்டியாக, முனை முழுக்க அப்பி, மேலே குங்குமம்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடிந்தது. மாமனார் வேலைக்குப் போய்விட்டார், இவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து உள்ளறையில் படுத்துவிட்டார். செட்டின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அயனை எடுத்தால் நுனியில் காய்ந்து போன சந்தனம்.

"துடைச்சுரலாமா அத்தை?"

"நல்ல நாளும் அதுவுமா சாமி பொட்ட அழிப்பியா? சூடு பட்டா தானா உதுந்துரும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டிப்ளமா வாங்கியவள் என்று பேர். ப்ளக்கைச் சொருகினேன்.

முதலில் கோயில் கர்ப்பக்கிருகத்தில் நிற்பது போல வீடு மணத்தது. மாமியார் கண்ணை மூடி ரசித்தார். அப்புறம் வாசம் மாறியது. சந்தனம் உதிரவில்லை, அப்படியே கருகி முனையோடு ஒட்டிக்கொண்டது. லெட்டை வைத்தேன். உருகியது, முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. சேம்பிலையில் தண்ணீர்தான் அப்படி ஓடும். பேஸ்ட்டில் முக்கி வைத்தேன், புகைதான் வந்தது. கடைக்காரர் கையில் வெள்ளியாக மின்னிய முனை, என் கையில் அடுப்புக்கரியாக இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

"சாமிக் குத்தம் எதும் ஆயிப்போச்சா?" என்றார் மாமியார் சின்னக் குரலில்.

சாமிக் குத்தம் இல்லை, சந்தனக் குத்தம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகம் இருந்த நிலையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அழுகை முட்டியது. ஞாயிறு நெருங்கிவிட்டது, என் கண்முன் அந்தக் கறவை மாடு கயிறோடு சந்தைக்கு நடந்துகொண்டிருந்தது.

மாமியார் சட்டென்று எழுந்தார். "இது செம்புதான? செம்புக்கு நமக்குத் தெரியாத வைத்தியமா?" என்று அடுக்களைக்குள் போய்ப் புளியும் தேங்காய் நாரும் எடுத்து வந்தார். அயனை ஆற வைத்து, பூஜைச் சொம்பைத் தேய்ப்பது போல அவர் தேய்த்த தேய்ப்பில், ஓரமெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கும் நம்பிக்கை வந்தது. துடைத்துக் காயவைத்து மறுபடி சொருகினேன். முனையின் இடுக்கில் ஒட்டியிருந்த புளி கொதித்தது. உள்ளறையிலிருந்து தூக்கக் கலக்கத்தில் இவர் குரல் கேட்டது:

"என்ன, ரசம் அடிப்புடிச்சிருச்சா?"

நானும் மாமியாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை போய்விட்டது. ஆனால் லெட் இப்போதும் உருண்டுதான் விழுந்தது. நுனியில் கரி போகவில்லை.

சிரித்து ஓய்ந்தபோதுதான் பூஜை வரிசையில் கிடந்த மாமனாரின் அரம் கண்ணில் பட்டது. அதன் கைப்பிடியில் மட்டும் அடக்கமாக ஒரு பொட்டு. கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது: கருத்தால் தீட்டிக்கொள்ளலாம். தீட்டக்கூடாதது அந்த நீலக் கைப்பிடிதான். ஆசைப்பட்டபடி அதை வாங்கியிருந்தால், சந்தனம் பூசி எரித்த அந்த அழகு முனை அன்றோடு போயிருக்கும். வாங்க முடியாமல் போன சாமானுக்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

அயனை ஆறவிட்டு, அரத்தால் பதமாகத் தீட்டினேன். கரிக்கு அடியில் ரோஜா நிறத்தில் புதுச் செம்பு வந்தது. சொருகி, லேசாகச் சூடு வந்ததும் பேஸ்ட்டைத் தொட்டு, முனை மறுபடி கருப்பதற்கு முன் லெட்டை வைத்தேன். ஈயம் பரவியது. முனை வெள்ளியாகிவிட்டது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று மாமியார் என் தோளைக் குலுக்கியதில் ஒரு சொட்டு என் புடவையில் விழுந்து ஓட்டை போட்டது, அது வேறு கதை.

முதல் ஒட்டு சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டு நின்றது. வாத்தியார் பார்த்திருந்தால் 'குட்' போட்டிருக்கமாட்டார். அடுத்த ஒயர் தேவலை. செட்டைத் திருப்பி வைத்துக் குமிழைத் திருகினேன். பருத்திச் செடியில் காய்ப்புழு வந்தால் என்ன மருந்து அடிப்பது என்று ஒருவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அரியலூரில் பருத்தியும் இல்லை, புழுவும் இல்லை. ஆனாலும் மாமியார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதாகாலட்சேபம் கேட்பது போல அதைக் கடைசி வரை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். தோளில் மஞ்சள் பை, கையில் வாழைத்தாரும் பூவும். வாசலிலேயே, "செட்டு பாடுதா பாப்பா?" என்றார். போட்டேன். கணீரென்று பாடியது. அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். நான் மூச்சு விட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. காபியைக் கையில் கொடுத்த சூட்டிலேயே, "சம்பந்தி, இத ரிப்பேர் பண்ணுனது யாருன்னு நெனக்கிறீங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். ஒட்டடைக் கம்பு, பெரம்பலூர், குடை, சந்தனம், புளி, ரச வாசம், ஒன்று விடாமல் கொட்டினார். தான்தான் தள்ளிவிட்டது என்பதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் அடுக்களை வாசலில் நின்றபடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். போச்சு, அடுத்தது திருச்சி பஸ்தான் என்று நினைத்தேன்.

"எங்க அந்தக் கம்பி?" என்றார்.

கொண்டு வந்து கொடுத்தேன். தீட்டித் தீட்டி ஒரு பக்கம் சரிந்திருந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் செட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க மாட்ட வித்துருவீங்க."

அப்பா கம்பியை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பையனின் சிரிப்பு.

"நம்ம வூட்டு ரேடியோவ நான் யாருக்கும் குடுக்கல பாப்பா. ஒன் கல்யாணம் முடிஞ்ச கையோட அது வாயடச்சுப் போச்சு. பரண்ல கெடக்கு. அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சொன்னா நீ இந்த செட்டத் திருப்பிக் குடுக்கிறேன்னு நிப்ப."

நின்றிருப்பேன்தான். பாட்டில்லாமல் ஒரு நாள் இருக்கத் தெரியாத மனிதர், எனக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, இத்தனை மாதமும் சத்தமில்லாத வீட்டில் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவர் ஏன் அப்படித் தலையைச் சாய்த்துக் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணுக்குக் கொடுத்தது பாடுகிறதா என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. ஒரு பாட்டுக் கேட்க வந்திருக்கிறார்.  அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வெளியே அப்பா சம்பந்தியிடம் சொல்வது கேட்டது: "தீபாவளிக்கு வர்றப்ப மறக்காம அந்தக் கம்பியயும் குடுத்து வுடுங்க."

தலை தீபாவளிக்கு எல்லாப் பெண்களும் பட்டுப் புடவையை மடித்து எடுத்துப் போவார்கள். நான் போனபோது பட்டுப் புடவையின் மடிப்புக்குள் சால்டரிங் அயன் இருந்தது, பக்கத்தில் லெட், பேஸ்ட், மாமனாரிடம் கேட்டு வாங்கிய அரம். தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் பரணிலிருந்து ரேடியோ இறங்கியது. அதன் வயிற்றில் கரப்பான் பூச்சிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அவற்றைக் காலி செய்த பிறகு பார்த்தால், பாட்டரியிலிருந்து வருகிற ஒயர் துருப்பிடித்து அறுந்திருந்தது. புது ஒயர் வைத்து ஒட்டினேன். இந்தமுறை ஒட்டு மிளகு அளவுக்கு அடக்கமாக வந்தது. மாமியார் இல்லையே என்று இருந்தது.

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லோரும் கூடத்துக்கு வந்தோம். ரேடியோவில் நாகஸ்வரம். அப்பா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, புதுத்துணி ஒவ்வொன்றின் முனையிலும் தடவி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு வேட்டி, எனக்குப் புடவை, அம்மாவுக்குப் புடவை. எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் அவர் விரலில் மஞ்சள் மிச்சம் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். ரேடியோவுக்குப் பக்கத்தில் அயன் இருந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் விரலை அதன் நுனிக்குக் கொண்டு போனார்.

"ஐயோ, நுனியில வேணாம்!" என்று நானும், அதற்குள் கதை முழுக்கத் தெரிந்துவிட்ட இவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "கைப்புடியில வைங்க!"